எதையும் தொடாதே

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. என் மனைவியைச் சொல்லச் சொன்னால் பதினாறு வருடத்துக் கதையையும் முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

ஒர்க்‌ஷாப்பில் நான் போடும் சத்தம் எதிர்வரிசை டயர் கடை வரைக்கும் கேட்கும். வாடிக்கையாளர்கள் பழகிவிட்டார்கள். வீட்டில் என் மனைவி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். போனில் நான் கத்த ஆரம்பித்தால் அவள் பதில் பேசுவதில்லை, கட் செய்வதும் இல்லை. போனைக் காதிலிருந்து எடுத்துப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். ஒரு நிமிடம் கழித்து எடுத்து, "கத்தி முடிச்சிட்டீங்களா? இப்ப விஷயத்தைச் சொல்லுங்க" என்பாள். சொந்தக்காரர்கள் கூடும்போதெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். நானும்தான் சிரித்தேன்.

நான் கார் எலெக்ட்ரீஷியன். பத்து வருடமாக எனக்கு ஒரு கூட்டாளி. வேலையில் புலி, ஆனால் வாயில்லாப் பூச்சி. அதனால் அவனுக்குப் பெயரே பூச்சி என்றாகிவிட்டது. எஞ்சின், பிரேக் எல்லாம் அவன் பொறுப்பு. வயரும் பேட்டரியும் கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. அவனுக்கு ஏதாவது சந்தேகம் வந்தால் என்னிடம் கேட்க மாட்டான். கேட்டால் நான் கத்துவேன். அதனால் தனக்குத் தெரிந்தபடி செய்துவிட்டு, சொல்லாமலே விட்டுவிடுவான்.

நான் சொல்லப்போகிற கார் எங்களுடையதுதான். ஓட்டுவது என் மனைவி. அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள், போக வர தினமும் இருபது கிலோமீட்டர். வாங்கின நாளிலிருந்து அந்தக் காரில் அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் பிடிக்கவில்லை. சிக்னலில் நிறுத்தி, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்சிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் தானாக நின்றுவிடும். மறுபடி கிளட்சை மிதித்தால் தானாக ஸ்டார்ட் ஆகும். பெட்ரோல் மிச்சம், புகை குறைவு என்று கம்பெனிக்காரன் செய்து வைத்த ஏற்பாடு.

"நான் நிறுத்தச் சொன்னேனா? அதுவா எதுக்கு நிக்குது?" என்று அவள் சண்டைக்கு வந்தாள். "ஒவ்வொரு தடவையும் உயிர் போற மாதிரி இருக்கு. திரும்ப ஸ்டார்ட் ஆகலைன்னா பின்னாடி இருக்கிறவன் என்னைத் திட்டுவானா, வண்டியைத் திட்டுவானா?"

"அதுக்குத்தான் கியர் பக்கத்துல பட்டன் வெச்சிருக்கான். அமுக்கிட்டா நிக்காது."

"தினமும் அமுக்கணும். வண்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா திரும்பவும் பழைய குருடி கதவைத் திறடிதான். நீங்கல்லாம் ஒரு எலெக்ட்ரீஷியன்!"

இந்தக் கடைசி வார்த்தை என்னைச் சுட்டது. நியாயமாகப் பார்த்தால் அந்த ஏற்பாட்டில் ஒரு கெடுதலும் இல்லை. அதற்கென்றே கனமான ஸ்டார்ட்டர் மோட்டாரும் தனி ரக பேட்டரியும் போட்டிருக்கிறார்கள். கேட்கிற வாடிக்கையாளர்களிடம் எல்லாம், "சும்மா இருக்கிறதைச் சொறிஞ்சு புண்ணாக்காதீங்க, பட்டனை அமுக்கிட்டுப் போங்க" என்றுதான் சொல்வேன். பெண்டாட்டி கேட்டால் மட்டும் வித்தை காட்ட வேண்டியிருக்கிறது.

வித்தை சின்னதுதான். பானெட் பூட்டுக்குப் பக்கத்தில் விரல் நுனி அளவு ஒரு சுவிட்ச் உண்டு. பானெட் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று காருக்குச் சொல்வது அதுதான். திறந்திருக்கிறது என்று தெரிந்தால் கார் எஞ்சினைத் தானாக ஸ்டார்ட் செய்யாது. உள்ளே யாருடைய கையாவது இருக்கும் அல்லவா? அந்த சுவிட்சின் பிளக்கைக் கழற்றிவிட்டேன். பானெட் எப்போதும் திறந்தே கிடப்பதாக நினைத்துக்கொண்டு கார் அந்த நிறுத்துகிற விளையாட்டையே விட்டுவிட்டது. இரண்டு நிமிட வேலை. மீட்டரில் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் பானெட் படம் போட்ட விளக்கு ஒன்று அணையாமல் எரிந்தது.

"இது என்ன புதுசா எரியுது?"

"விளக்கைப் பாக்காத. ரோட்டைப் பாரு."

ஆறு மாதம் அப்படியே ஓடியது. அதற்குள் விஷயம் கேள்விப்பட்டு விடாமல் நச்சரித்த சில வாடிக்கையாளர்களுக்கும் அதையே செய்து கொடுத்துவிட்டேன். அவள் விளக்கைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைவியின் ஒரே தம்பி. முடி வெட்டுபவன். சட்டைப் பையில் எப்போதும் எஃகுச் சீப்பு ஒன்று எட்டிப் பார்க்கும், அதனால் அவனுக்கு சீப்பு என்று பெயர் வைத்தது நான்தான். கைகளை அவன் பார்த்துக்கொள்கிற மாதிரி சில பேர் பிள்ளையைக்கூடப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தால் எதையும் தொடமாட்டான். "உங்க ஆயில் நகத்துல ஏறுனா ஒரு வாரம் போகாது மாமா. அந்தக் கையோட ஒருத்தர் மூஞ்சியைத் தொட முடியுமா?" என்பான். நான் கேலி செய்வேன். ஆனால் அவன் கத்திரி ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒன்பது வருடம் அடுத்தவன் கடையில் நின்றே வேலை பார்த்துவிட்டு, இப்போதுதான் சொந்தமாக ஒரு கடை பிடித்திருந்தான். கண்ணாடி மாட்டியாகிவிட்டது. நாற்காலி மட்டும் பாக்கி. அதைப் பார்த்துவிட்டு வர அந்த வியாழக்கிழமை அக்காவும் தம்பியும் காரில் கிளம்பினார்கள்.

அதற்கு முந்தின நாள்தான் கார், ஓடத் தகுதியாக இருக்கிறதா என்று பார்க்கிற வருடாந்தரப் பரிசோதனைக்குப் போயிருந்தது. கொண்டுபோனது பூச்சி. நான் வேறு ஒரு வண்டிக்காக வெளியூர் போயிருந்தேன். பரிசோதனைக்கு முன்னால் அந்தப் பிளக்கை நானே மாட்டிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன், மறந்துபோனேன். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதுவும் செய்யவில்லை. கார் பாஸாகி வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும், நமக்கு நேரம் நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

மதியம் மூன்று மணி இருக்கும். வெயில் மண்டையைப் பிளந்தது. மனைவியிடமிருந்து போன்.

"என்னங்க, வண்டி நின்னுபோச்சு."

"நின்னுபோச்சுன்னா?"

"ரயில்வே கேட் போட்டிருக்கான். வரிசையில நிக்கிறோம். நிறுத்துன உடனே எஞ்சின் பொசுக்குன்னு அணைஞ்சுபோச்சு. முன்னெல்லாம் அணையுமே, அந்த மாதிரி."

அந்த மாதிரி என்று அவளே சொன்னாள். இன்றைக்கும் அந்த வார்த்தை என் காதில் நிற்கிறது.

"அந்த மாதிரி அணையாது. அதை நான் எப்பவோ கழட்டியாச்சு" என்றேன். "ஏ.சி. ஓடுதா?"

"காத்து வருது, ஆனா குளிர்ச்சி இல்ல. மீட்டர்ல பச்சையா ஏதோ ஒண்ணு எரியுது. வழக்கமா எரியுமே ஆரஞ்சு, அதைக் காணோம்..."

"விளக்கை விடு!" ஏற்கெனவே என் குரல் ஏறிவிட்டது. ஒரு பக்கம் ஒரு வாடிக்கையாளன் நின்றுகொண்டு உயிரை வாங்கிக்கொண்டிருந்தான். "எஞ்சின் பெல்ட் தளர்ந்திருக்கும். இல்லைன்னா அறுந்திருக்கும். பேட்டரி சார்ஜ் ஆகாம எஞ்சின் நின்னிருக்கு. நீ சாவியைத் திருப்பிக்கிருப்பி எதையும் பண்ணிடாத. அறுந்த பெல்ட்டோட ஸ்டார்ட் பண்ணா எஞ்சின் காலி. உன் தம்பியை இறங்கி பானெட்டைத் திறந்து பாக்கச் சொல்லு. நீ சீட்டுலயே இரு. எதையும் தொடாத. புரியுதா?"

"சரி, சரி. தொடல."

போனை அவள் ஸ்பீக்கரில் போட்டாள். கேட்டில் மணி அடிப்பது கேட்டது. கதவு திறந்து மூடியது. பானெட் தூக்கும் சத்தம். பிறகு தூரத்திலிருந்து மச்சானின் குரல்.

"மாமா, பெல்ட் இருக்கு. அறுந்துபோகல."

"டைட்டா இருக்கா பாரு. நடுவுல அமுக்கிப் பாரு. எவ்வளவு உள்ள போகுது?"

"இருங்க, சீப்பால அமுக்கிப் பாக்குறேன்."

இந்த இடத்தில்தான் எனக்குத் தலைக்கு ஏறியது. எதற்காக ஏறியது என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். வெயில், வாடிக்கையாளன், என் வேலையில் ஒரு கோளாறு வந்துவிட்டதே என்ற எரிச்சல், எல்லாம்தான்.

"டேய், சீப்பால தெரியுமாடா? மாப்பிள்ளைக்கு நகம் அழுக்காயிடுமா? விரலை வெச்சு அமுக்குடா! கடை வைக்கிற லட்சணத்தைப் பாரு!"

"மாமா, கத்தாதீங்க, பக்கத்து வண்டியெல்லாம் பாக்குது..." என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "இதோ, விரலையே வைக்கிறேன்."

"மானத்தை வாங்காதீங்க" என்று மனைவி சொன்னதும் ஸ்பீக்கர் சத்தம் நின்றது. அடுத்து துணியில் உரசுவது போல ஒரு சத்தம். போனைப் பக்கத்து சீட்டில் கவிழ்த்து வைத்துவிட்டாள். எனக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும்.

அப்போது பூச்சி கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றான். என்னவோ சொல்ல வருகிறவன் போல வாயைத் திறந்தான், மூடினான்.

"என்னடா?"

"வண்டி நின்னுடுச்சாண்ணே?"

"ஆமா."

"அந்த வண்டில... பானெட் லைட் எரிஞ்சுட்டிருந்துதுண்ணே. அதோட போனா பரிசோதனையில ஃபெயில் பண்ணிடுவான். பிளக் வேற கழண்டு தொங்குச்சு, சுவிட்ச் செத்துப்போச்சுன்னு நெனச்சேன். பிளக்குல ஒரு வயரைச் சொருகி விட்டுட்டேன். லைட் அணைஞ்சுபோச்சு."

எங்கள் தொழிலில் இது சகஜம். செத்த சுவிட்சின் பிளக்கில் இரண்டு ஓட்டைக்கும் சேர்த்து ஒரு வயரைச் சொருகினால், பானெட் நல்லபடியாக மூடியிருப்பதாகக் கார் நினைத்துக்கொள்ளும். விளக்கு போய்விடும். ஆயிரம் தடவை செய்திருப்போம், நானும் செய்திருக்கிறேன்.

ஒரு நொடி எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாகப் புரிந்தது. பானெட் மூடியிருக்கிறது என்று கார் நினைத்தால், அந்தப் பழைய விளையாட்டு திரும்ப வந்துவிட்டது. எஞ்சின் சாகவில்லை, காத்திருக்கிறது. பச்சை விளக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. சாவி ஆனில் இருக்கிறது, நான்தான் திருப்பாதே என்றேன். அவள் சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறாள், நான்தான் இறங்காதே என்றேன். ஏ.சி. ஓடுகிறது. வெயிலில் உள்ளே சூடு ஏறினால், பேட்டரி கொஞ்சம் இறங்கினால், யாரும் எதையும் மிதிக்க வேண்டாம். கார் தானாகவே ஸ்டார்ட் செய்துகொள்ளும்.

பானெட் திறந்திருக்கிறது. அவன் விரல் பெல்ட்டில் இருக்கிறது.

"சாவியை ஆஃப் பண்ணு!" என்று கத்தினேன். என் வாழ்க்கையில் அப்படிக் கத்தினதில்லை. "சாவி! சாவியைத் திருப்பு! அவனைக் கையை எடுக்கச் சொல்லு! ஏ, போனை எடு! போனை எடு!"

டயர் கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். வாடிக்கையாளன் இரண்டு அடி பின்னால் போனான். பூச்சி தன் போனை எடுத்து மச்சானின் நம்பரைத் தேடினான். என் போனில் சீட் துணியின் அமைதிதான் இருந்தது. அதற்குள்ளே, ரொம்ப மெதுவாக, அவள் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தது கேட்டது. நான் கத்தி முடிக்கட்டும் என்று காத்திருக்கிறாள். ஒரு நிமிடம் கொடுப்பாள். எப்போதும் ஒரு நிமிடம்.

நான் கத்துவதை நிறுத்தியிருக்க வேண்டும். போனைக் கட் செய்து மறுபடி அடித்திருந்தால், மணி கேட்டு எடுத்திருப்பாள். அது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. எனக்குக் கத்தத்தான் தெரியும். கத்திக்கொண்டே இருந்தேன்.

பூச்சியின் போனில் ரிங் போனது. என் போனுக்குள் தூரத்தில் மச்சானின் போன் மணி அடித்தது கேட்டது. ஒரு தடவை அடித்தது. அதை எடுக்க அவன் கையை வெளியே இழுத்திருக்கலாம். இடது கை சும்மாதான் இருந்ததாம், அதைத்தான் பைக்குள் விட்டானாம்.

ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றும் சத்தம் எனக்கு எங்கே கேட்டாலும் தெரியும். அரை நொடிதான். அவ்வளவு நல்ல மோட்டார் அது. உடனே எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஏதோ தட்டுப்பட்டுத் திணறின மாதிரி ஒரு தரம் தடுமாறிவிட்டு, சீராக ஓட ஆரம்பித்தது.

அதற்கு அப்புறம்தான் என் மனைவி போனை எடுத்தாள். ஆனால் அவள் தம்பியைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

வலது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும். இரண்டாவது கணுவரைக்கும் போய்விட்டது. மோதிர விரலைத் தைத்து வைத்தார்கள், அது மடங்காது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் போய் நின்றபோது மனைவி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் புடவையில் காய்ந்துபோன ரத்தம். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்ட குழந்தை போலச் சொன்னாள்.

"எப்பவும் போலத்தான் கத்துறீங்கன்னு நெனச்சேன்ங்க. நான் எதையும் தொடவே இல்ல. நீங்க சொன்ன மாதிரி எதையுமே தொடல."

எனக்கு அழுகை வந்தது. அவள் பக்கத்தில் உட்காரக்கூடத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலை நானும் பூச்சியும் உட்கார்ந்து யோசித்தோம். நான் பிளக்கைக் கழற்றின வண்டிகள் எவை, அவற்றில் இவன் விளக்கை அணைத்தவை எவை என்று. எங்கள் கார் போக இன்னும் ஐந்து வண்டிகள் தேறின. அத்தனை பேருக்கும் போன் செய்து, பானெட்டைத் திறக்காதீர்கள் என்று சொல்லி, வண்டியை வரவழைத்து வயரைப் பிடுங்கினோம். நாலு வந்தது. ஐந்தாவது ஆள் வண்டியைப் போன மாதமே விற்றுவிட்டாராம். வாங்கினவனும் கைமாற்றிவிட்டான். வெள்ளை நிறக் கார். எந்த ஊரில், யாருடைய வாசலில் நிற்கிறதோ தெரியாது. வெள்ளைக் கார் எங்காவது பானெட்டைத் திறந்துகொண்டு நின்றால் இப்போதும் வண்டியை நிறுத்திவிட்டு ஓடுகிறேன். பைத்தியக்காரன் என்று பார்க்கிறார்கள்.

பட்டனை அமுக்கச் சோம்பல் படுகிறவர்கள் இன்னும் வருகிறார்கள். "அந்தச் சனியனை நிரந்தரமா கழட்டி விட்டுடுங்க" என்கிறார்கள். முடியாது என்கிறேன். குரல் அவர்களுக்குக் கேட்பதில்லை, குனிந்து, "என்ன சொன்னீங்க?" என்கிறார்கள். அன்றைக்குத் தொண்டையில் ஏதோ கிழிந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார், ஆறு வாரத்தில் சரியாகிவிடும் என்றார். ஆறு வாரம் ஆகி எட்டு மாதம் ஆகிறது. கத்திப் பார்க்கவே இல்லை.

மச்சான் கடையைத் திறந்தான். கண்ணாடி மாட்டியாகிவிட்டதே, விடவா முடியும்? வலது கையில் சீப்பைச் செருகிப் பிடித்துக்கொண்டு, இடது கையில் கத்திரி பிடிக்கப் பழகுகிறான். பழகுவதற்கு ஒரு தலை வேண்டும். வாடிக்கையாளர் எவரும் தலையைக் கொடுக்கமாட்டார்கள், அதனால் செவ்வாய்க்கிழமைதோறும் நான் போய் உட்காருகிறேன். முதல் மாதம் காதில் மூன்று தடவை வெட்டினான். ஒவ்வொரு தடவையும் கத்திரியைப் போட்டுவிட்டு, நான் கத்துவேன் என்று கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தான்.

போன வாரம் முதல் தடவையாகச் சவரக் கத்தியை எடுத்தான்.

"தாடி எடுத்துப் பாக்கட்டுமா மாமா? இடது கையால இன்னும் செஞ்சதில்ல."

"எடு."

நாற்காலியைச் சாய்த்தான். சோப்பு நுரையைத் தடவினான். மிச்சமிருந்த விரல்களால் என் தாடையைப் பிடித்து மேலே தூக்கினான். தையல் போட்ட இடம் கரடுமுரடாகக் கழுத்தில் பட்டது. கத்தி தொண்டைக்குழிக்கு வந்து, அங்கேயே நின்றது.

"மாமா, பயமா இருந்தா சொல்லுங்க. சத்தம் போட்டா நிறுத்திடுவேன்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"விரலை நல்லா வெச்சுப் பிடிடா" என்றேன், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.